பதினாறு மணி நேரம்தானே

என்னங்க,

டாக்ஸி வந்துவிட்டது. ராத்திரி வேலை முடிந்து அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனசு வரவில்லை. கோபமும் இன்னும் ஆறவில்லை.

அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறதாம். அண்ணன் இப்போதுதான் சொன்னான். போன மாதமே போகிறேன் என்றேன். "பதினாறு மணி நேரம்தானே, எப்பக் கூப்பிட்டாலும் பிளைட் ஏறி ஊருக்குப் போயிடலாம்" என்று நீங்கள்தான் அடக்கினீர்கள். வரைபடத்தில் ஒரு சாண்கூட இல்லைதான்.

சோறும் குழம்பும் ஃபிரிட்ஜில் இருக்கின்றன, சுடவைத்துச் சாப்பிடுங்கள். மூன்று மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். கும்பகர்ணன் மாதிரி தூங்கிவிடாதீர்கள்.

என் சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம். உங்களுடையதைத் தொலைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நான் பறந்துகொண்டிருக்கும்போது அண்ணன் கூப்பிட்டால் நீங்களே பேசிக்கொள்ளுங்கள். எனக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். அந்தப் பதினாறு மணி நேரமாவது அப்பா உயிரோடு இருக்கட்டும்.