பொட்டு அழியாத சுத்தியல்

புரட்டாசி 25, புதன்.
விடிகாலையிலேயே மழை. கூலிகள் குடியிருக்கும் லயத்துக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகல்.

பாய்லர் பட்டறைக்கு இன்று முதல் நான் மேஸ்திரி. தவில் அடிக்கக் கப்பலேறி வந்தவன். கூட வந்த நாயனக்காரர் காய்ச்சலில் போனார், மேளம் கலைந்தது, இங்கே கரி அள்ளச் சேர்ந்தேன். ரயில் எஞ்சின் பாய்லரில் நெருப்புப் பெட்டித் தகட்டைப் பிடித்து நிற்கும் ஆணிகள் உண்டு, நூற்றுக்கணக்கில். சுத்தியலால் தட்டினால் நல்ல ஆணி கணீரென்னும், ஒடிந்தது பொத்தென்னும். ஒருநாள் முனியாண்டி தட்டிக்கொண்டிருந்தான். கரி அள்ளிக்கொண்டே "அது செத்தது" என்றேன். துரை கழற்றிப் பார்த்தார், ஒடிந்திருந்தது. ஐந்து வருஷத்தில் இந்த வேலை.

முனியாண்டி பதினைந்து வருஷம் அந்தச் சுத்தியலைப் பிடித்தவன். எல்லார் முன்னாலும் காறித் துப்பினான். "கல்யாணத்துல கொட்டடிச்ச பய எனக்கு மேஸ்திரியா?" வாயிலேயே ஒன்று விட்டேன். பல் ஒன்று தரையில். கை இன்னும் வலி. சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், கருவாடு, பூஜைக்குச் சந்தனம்.

வெள்ளி.
ஆயுத பூஜை. கருவிகளைக் கழுவிச் சாமி படத்தின் முன் அடுக்கி, சந்தனம் குங்குமம் நானே வைத்தேன். தட்டும் சுத்தியலின் முகத்தில் பெரிய பொட்டு. நாளைக் காலை பூஜை முடித்து எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது.

மூன்று மணிக்குத் துரையின் கணக்கெழுதும் கிராணி வந்தார். கிள்ளான் துறைமுகத்துக்குச் சரக்கு இழுக்கப் பட்டறையில் நிற்கும் எஞ்சின் காலையில் வேண்டுமாம். ஆணி தட்டிப் பார்த்தாயிற்றா என்று கேட்டார். இருபது பேரும் என் கையையே பார்த்தார்கள். முனியாண்டி வீங்கின உதட்டோடு சிரித்தான். "எடுங்க மேஸ்திரி. சாமி முன்னாடி வச்சத எடுங்க, பாப்போம்."

எடுத்திருந்தால் அங்கேயே மண்டையைப் பிளந்திருப்பார்கள். அது மட்டுமில்லை. பல்லை உடைத்த பிறகு, நல்லவன் என்று பெயர் வாங்கவும் ஆசை. உள்ளே போய் விரல் முட்டியால் நாலு தட்டு. வெளியே வந்து "சரியா இருக்குங்க" என்றேன். கிராணி எழுதிக்கொண்டார். அப்புறம் பொரி, கடலை.

சனி.
காலை ஏழுக்கு நெருப்புப் பெட்டி கிழிந்தது. ஆவியும் வெந்நீரும் நெருப்புமாக. முன்னால் நின்றது முனியாண்டி. சட்டையைக் கழற்றப் போனோம், தோலும் சேர்ந்து வந்தது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அவன் தம்பி கருப்பையா நெருப்புப் போட்ட சின்னச்சாமியை மண்வெட்டியால் அடித்தான். "தண்ணிய குறைய விட்டுட்டியேடா பாவி!" சின்னச்சாமி தரையில் கிடந்து, "தண்ணி இருந்திச்சு அண்ணே, சத்தியமா இருந்திச்சு!" நாலைந்து பேர் சேர்ந்து மிதித்தார்கள். பாய்லரில் தண்ணீர் குறைந்தாலும் தகடு கிழியும்; ஆனால் தண்ணீர் இருந்தது. கிழித்தது ஒடிந்த ஆணி, எனக்குத் தெரியும். நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கள்.
சின்னச்சாமிக்கு விலா மூன்று முறிந்தது, ஒரு கண் போய்விடும் என்கிறார் கட்டுப்போடும் டிரசர். ஆஸ்பத்திரிக்கே போய் அவனை முடிக்கப் போகிறேன் என்று கருப்பையா கத்தியைத் தீட்டுகிறான். துரை என் தோளில் தட்டினார். நீ சோதித்ததாகத்தான் எழுதியிருக்கிறதே, உனக்கென்ன பயம்?

சாவு விழுந்ததில் பூஜைச் சாமானை யாரும் எடுக்கவில்லை. சுத்தியல் அதே இடத்தில். முகத்தில் என் பொட்டு காய்ந்து, முழுசாக. ஒரு ஆணியைத் தட்டியிருந்தாலும் அது அழிந்திருக்கும். துடைக்கத் துணியைக் கையில் எடுத்தேன். சின்னச்சாமி குரல் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

மத்தியானம் எல்லாரையும் கூப்பிட்டுச் சுத்தியலைக் கருப்பையா கையில் கொடுத்தேன். "பொட்டப் பாருடா."

பார்த்தான். "அப்ப தட்டவே இல்லியா நீ?"

"இல்ல."

வியாழன்.
இடது கையால் எழுத்து. கோணல். திங்களன்று வலது கையைப் பட்டடைக்கல்லில் வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். அதே சுத்தியல். நாலு விரல், தவில் அடிக்கக் கெட்டிக் கூடு மாட்டும் விரல்கள். நாலாவதை அடிக்கும்போது கருப்பையாவே அழுதான். சின்னச்சாமியை இனி யாரும் தொடமாட்டார்கள். அதுவரை சரி.

துரை கண்டபடி ஏசினார். வேலையை விட்டுத் தள்ளுவார் என்று நினைத்தேன். இரண்டு பாய்லர் காத்திருக்கிறது, வேறு காது இல்லையாம். நாளைக்கே வா, காதுக்கு விரல் எதற்கு என்றார். தள்ளியிருந்தால் நிம்மதி.

வெள்ளி.
மழை இல்லை. புழுக்கம். பாய்லருக்குள் நானும் கருப்பையாவும் மட்டும். அவன் தட்ட, நான் கேட்க. அவனே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. முதல் நாலு வரிசை கணீர். ஐந்தாவதில் ஒன்று பொத்து.

"செத்தது," என்றேன்.

அவன் அடுத்த ஆணிக்குப் போகவில்லை. "அன்னிக்கும் இப்படித்தான் கேட்டிருக்குமா?"

"ஆமா."

மறுபடி அதையே தட்டினான். மறுபடியும். நிறுத்து என்று சொல்ல வேண்டியது மேஸ்திரி. நான் சொல்லவில்லை.