இளவரசி அக்காவும் ஆறு கெட்ட மோட்டார்களும்

2 ஜூன் 2025, திங்கள்

இன்று ஒரு மணி நேரம் வீண். முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது, இரண்டு டீ குடித்தேன்.

வேலை செய்தே தொழில் கற்றவர்களைத் தேடிப்பிடித்து, தேர்வுக்கு உட்காரவைத்து, சான்றிதழ் வாங்கிக் கொடுப்பது என் வேலை. வில்லியனூர் பயிற்சி மையத்தில் மூன்று வருஷமாக இதைத்தான் செய்கிறேன். நான் டீச்சரா புரோக்கரா என்று அம்மாவுக்கு இன்னும் பிடிபடவில்லை.

சோரியாங்குப்பத்தில் இருசப்பன் மோட்டார் கடை. தண்ணீர் இறைக்கும் மோட்டார்களுக்கு ரிப்பேர். இருசப்பன் பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். நானும் விண்ணப்பத்தை மடமடவென்று நிரப்பினேன். கடைசியில், ஒரு மோட்டாரைக் கழற்றுங்கள், போட்டோ எடுக்கவேண்டும் என்றேன்.

"அதெல்லாம் இளவரசிதான் மேடம் பாக்குறா" என்று உள்ளே கை காட்டினார்.

உள்ளே அவர் மனைவி செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருஷமாகச் சுற்றுகிறாராம்.

"அப்ப நீங்க இன்னா பண்றீங்க?"

"நான் கஸ்டமருங்ககிட்ட பேசுவேன்."

விண்ணப்பத்தைக் கிழித்தேன். புதிதாக ஒன்று எழுதினேன். இளவரசி, வயது 43, எட்டாம் வகுப்பு.

வில்லியனூரில் புதிதாகத் திறக்கும் பம்ப் சர்வீஸ் சென்டரில் மெக்கானிக் வேலை இருக்கிறது. ஜூலை 14 நேர்முகத் தேர்வு. அக்கா போன மாதமே போய்க் கேட்டிருக்கிறார். சான்றிதழ் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"எனுக்கு அந்த வேல வோணும் மேடம்" என்றார். "மோட்டார நான் பாக்குறேன். நல்லா ஓடுதுபான்னு அவுருகிட்ட சொல்லிட்டுப் போறாங்க."

5 ஜூன், வியாழன்

அனுபவத்துக்கு அத்தாட்சியாக வாடிக்கையாளரிடம் கடிதம் வாங்கவேண்டும். அபிஷேகப்பாக்கம் பச்சையப்பன் எழுதிக் கொடுத்தது அப்படியே:

'இருசப்பன் தங்கமான மனிதர். போனால் டீ வாங்கித் தருவார். மோட்டார் நன்றாக ஓடுகிறது.'

மோட்டாரைச் சரி செய்தது யார் என்றேன். அந்தப் பொண்ணுதான் என்றார். பிறகு ஏன் அவர் பெயரை எழுதவில்லை?

"அடுத்தவன் பொண்டாட்டி பேர நான் லெட்டர்ல எழுதுனா எங்க வூட்ல இன்னா நெனைப்பாங்க மேடம்?"

சரி, உங்கள் வீட்டு அம்மாவையே எழுதச் சொல்லுங்கள் என்றேன். அந்த அம்மா எழுதியது: 'இளவரசிதான் ரிப்பேர் செய்கிறாள். என் வீட்டுக்காரருக்கு சுவிட்சு போடக்கூடத் தெரியாது. இது சத்தியம்.'

இரண்டையும் இணைத்துவிட்டேன்.

11 ஜூன், புதன்

மாதிரி நேர்காணல். மோட்டார் ஏன் சூடாகிறது என்று கேட்டேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்து, "இது கூடத் தெரியாமலா மேடம் வேலைக்கு வந்தீங்க?" என்றார்.

20 ஜூன், வெள்ளி

நாளை தேர்வு. மோட்டார் பிரிவில் அக்கா ஒருவர்தான். ஆறு மோட்டார்களை நானே கெடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றில் வயரை அறுத்தேன், ஒன்றில் கெப்பாசிட்டரைக் கழற்றினேன். கெடுப்பது இவ்வளவு சந்தோஷமான வேலை என்று யாரும் எனக்குச் சொல்லவே இல்லை. காலையில் அறையைத் திறந்துவைக்க வாட்ச்மேனிடம் சாவி கொடுத்துவிட்டு வந்தேன். இப்படி ஒரு ஏற்பாட்டை நம் மையத்தில் வேறு யார் செய்வார்கள்?

21 ஜூன், சனி

ஐயோ.

ஒன்பதேகாலுக்குப் போனேன். வாசலிலேயே உர்ரென்று சத்தம். உள்ளே ஆறு மோட்டாரும் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. அக்கா எட்டு மணிக்கே வந்துவிட்டாராம்.

"சும்மா எம்மா நேரம் குந்தினு இருக்கிறது மேடம்? ஆறும் கெட்டுக் கெடந்துது, மனசு கேக்கல" என்று கையைத் துடைத்தார். "இந்த நாலாவதுல எவளோ வேணும்னே ஒயர அத்து வெச்சிருக்கா. நாசமாப் போறவ."

அந்த நாசமாப் போறவள் பையிலிருந்த கட்டரை இன்னும் உள்ளே தள்ளினாள்.

பத்து மணிக்குத் தேர்வாளர் சௌந்தரராஜன் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் படிவக் கட்டு.

"கெட்ட மோட்டார் எங்கம்மா?"

"கெட்டுதான் சார் இருந்துது" என்றார் அக்கா.

"இப்ப?"

"இப்ப இல்ல சார்."

அவர் கண்ணால் பார்க்காத ரிப்பேருக்கு மதிப்பெண் போட முடியாதாம். திரும்பக் கெடுத்துத் தருகிறேன் என்றேன். கோளாறு என்னவென்று தெரிந்த மோட்டாரில் தேர்வு வைக்கவும் முடியாதாம். அடுத்த தேர்வு செப்டம்பரில். செப்டம்பரா? ஜூலை பதினாலு போச்சே! நான் எதுக்கு அந்த வாட்ச்மேன்கிட்ட சாவியக் குடுத்தேன்? எனக்கு அறிவு இருக்குதா?

அக்கா அழவில்லை. "ரிப்பேர்தான மேடம் பண்ணேன், அது தப்பா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத்தான் அழுகை வந்தது.

சௌந்தரராஜன் பையை மூடும்போது வாசலில் ஒரு டிவிஎஸ் வந்து நின்றது. பச்சையப்பன். பின்னால் கயிற்றில் கட்டிய மோட்டார்.

"கடைல நீ இல்ல. இருசப்பன்தான் இங்க போகச் சொன்னான். நாத்து காயுதும்மா, நீ இங்க குந்தினு பரிச்ச எழுதுற!"

அவர் பின்னாலேயே மினி வேனில் இன்னும் இரண்டு மோட்டார். கடைக்கு வந்த எல்லாரையும் இருசப்பன் தேர்வுக்கு அனுப்பி வைத்திருக்கிறார்.

சௌந்தரராஜன் மோட்டாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது நீங்க செட் பண்ணதா?"

"சத்தியமா இல்ல சார்."

"இதுல என்ன கோளாறு?"

"ஓடல சார். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

பையைத் திறந்தார். தேர்வைப் படம்பிடிக்கும் கேமராவை வைக்கச் சொன்னார். தேர்வு ஆரம்பம்.

அக்கா மோட்டாரின் தண்டைக் கையால் சுழற்றிப் பார்த்தார், பின்மூடியைக் கழற்றினார். விசிறிக்குள் ஒரு தவளை, செத்து எத்தனை நாளோ. "இத மொதல்ல எடுத்தாதான் மத்ததப் பாக்க முடியும்" என்று சொல்லி, பேரிங்கும் இறுகிப்போனதைக் காட்டி மாற்றினார். படிவத்தில் தவளைக்குக் கட்டம் இல்லை. சௌந்தரராஜன் யோசித்து 'அந்நியப் பொருள்' என்று எழுதினார். தேர்வறையில் பேசக்கூடாது என்று பச்சையப்பனை மூன்று முறை அதட்டினார். "என் மோட்டாரு சார்" என்று மூன்று முறையும் பதில் வந்தது.

இரண்டாவதில் செம்புக் கம்பிச் சுருள் கருகியிருந்தது. எத்தனை சுற்று, என்ன கம்பி என்று அக்கா எண்ணி எண்ணிச் சொன்னார். மூன்றாவதைத் திறக்கவே இல்லை. ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டு, "இது நல்லா இருக்குது. உங்க கொல்லைல ஒயரப் பாருங்க" என்று திருப்பி அனுப்பினார். சௌந்தரராஜன் மீட்டர் வைத்துப் பார்த்தார். மோட்டாரில் ஒன்றும் இல்லை.

"நான் எத்தனையோ ஊர்ல தேர்வு வெச்சிருக்கேன்மா. கஸ்டமரெல்லாம் வந்து நின்னது இங்கதான்" என்றார். அவர் சட்டையில் கிரீஸ்.

22 ஜூன், ஞாயிறு

நாள் முழுக்கத் தூங்கினேன். கனவில் தவளை.

9 ஜூலை, புதன்

சான்றிதழ் வந்துவிட்டது! நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா தன் பெயரை விரல் வைத்து இரண்டு தரம் படித்தார். இருசப்பன் என்னைத் தனியே கூப்பிட்டு, "பேசுறதுக்கு எதுனா சர்ட்டிபிகேட்டு இருக்குதா மேடம்?" என்றார். விசாரிக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

14 ஜூலை, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சேரவேண்டும்.

நான் எழுத நினைத்தது வேறு. நாங்கள் மூவரும் சர்வீஸ் சென்டர் வாசலில் நின்றோம். இருசப்பன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், ஃபைலையும் அவர்தான் வைத்திருந்தார். மேனேஜர் வெளியே வந்து நேராக அவர் கையைக் குலுக்கி, "வாங்க, எத்தனை வருஷ அனுபவம்?" என்றார். வாய்க்குத் தீனி கிடைத்தால் இந்த மனிதர் விடமாட்டாரே!

இருசப்பன் ஃபைலை அக்காவிடம் நீட்டினார்.

"நான் வண்டி ஓட்டினு வந்தவன் சார். மெக்கானிக்கு இவங்க."

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். அதன் பிறகு முக்கால் மணி நேரம் இருசப்பன் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார், என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.