பேர் மட்டும் சொல்லாதவர்

சார்,

உங்கள் அறைக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். கதவில் இருந்த பலகையைக் கழற்றி என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள்: 'இங்கே பேசுவது வெளியே போகாது.' இரங்கல் கூட்டத்திலும் இதைச் சொல்லித்தான் உங்களைப் புகழ்ந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமுவதுபோல் சமாளித்தேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏழெட்டுக் கம்பெனிகளுக்குச் சேர்த்து நாம் இருவர்தான் மனநலக் கவுன்சலர்கள். டீக்கடைக்கு வந்துவிட்டால் உங்கள் வாயைக் கட்ட ஆள் கிடையாது. "பேர் மட்டும் சொல்ல மாட்டேன் மேடம்" என்று ஆரம்பித்து, எந்த ஷிஃப்ட், எந்த மெஷின், எந்த ஸ்டாப்பில் பஸ் ஏறுகிறவர் என்பதுவரை சொல்லிவிடுவீர்கள். அதற்குமேல் பேர் எதற்கு?

கள்ளிக்குப்பத்து லேத் ஆப்பரேட்டர் ஒருவன் தன் மனைவியைப் பற்றி உங்களிடம் சொன்னதையும் அப்படித்தான் சொன்னீர்கள். அவன் குரலிலேயே நடித்துக் காட்டினீர்கள். "அண்ணனூர்ல அவ அம்மா ஊட்ல கீறா சார். வெள்ளிக்கெழம வேல முடிஞ்சி வர்றப்போ கைய வெட்டி எட்த்துருவேன்." கத்தி வாங்கியதையும் சொல்லியிருக்கிறான்.

"அந்தப் பொண்ணுக்குச் சொல்லுங்க சார். போலீசுக்குச் சொல்லுங்க" என்றேன்.

அப்போதுதான் உங்களுக்குத் தொழில் தர்மம் பொத்துக்கொண்டு வந்தது. "க்ளையன்ட் சொன்னத வெளிய சொல்லலாமா மேடம்? படிச்சவங்கதானே நீங்க?" இதை டீக்கடைக்காரர் உட்பட ஐந்து பேர் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இன்னொருவருக்கு ஆபத்தென்றால் தேவையான அளவு சொல்லலாம் என்று சட்டமே இருக்கிறது. உங்களுக்கும் தெரியும். ஸ்டேஷனுக்கு அலைய வேண்டுமே என்ற சோம்பல், பின்னால் சாட்சிக்குக் கூப்பிடுவார்களே என்ற பயம், அவ்வளவுதான். 'கோபத்தில் பேசியது' என்று எழுதி ஃபைலை மூடினீர்கள். த்தூ.

வெள்ளிக்கிழமை அவன் சொன்னபடியே வெட்டினான்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் போனேன். உங்களுக்கு அன்று லீவு. அவள் வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. "இப்டி பண்ணுவான்னு யாருக்குனா முன்னாடியே தெரியுமா மேடம்?" என்று கேட்டாள்.

உங்களைக் காட்டிக்கொடுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. "தெரியாதும்மா" என்றேன். உங்கள் கேஸ், உங்கள் பொறுப்பு என்று அந்த வாரம் முழுக்க நானும் வாயை மூடிக்கொண்டுதானே இருந்தேன்.

இப்போது யார் வந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எல்லாம் ரகசியம், இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் பேசுவேன். இரண்டு முறை ஸ்டேஷனுக்கும் போயிருக்கிறேன். உங்களை நினைத்தால் இன்றும் அருவருப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே அருவருப்பு என்மேலும் வருகிறது சார். அண்ணனூரில் அவள் வீடு எனக்குத் தெரியும். நமக்கு முன்னாடியே தெரியும் என்று இன்னும் போய்ச் சொல்லவில்லை.