கிழக்குக் கரைக் கோரை

புள்ள,

நீ என்னையும் நான் உன்னையும் இந்த ஊருக்கு மருமகள்களாக வந்த நாளிலிருந்து இப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டோம். வேறு பெயர் வாயில் வரவில்லை.

இன்று காலை ஏரிப் பக்கம் போனேன். புதுப் படகுகளுக்குப் பெயிண்ட் அடித்துக் காயவைத்திருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியது, வீட்டுக்கு வந்து காப்பி குடித்த பிறகும் போகவில்லை. ஒரு படகை அன்னம் மாதிரி செய்திருக்கிறார்கள். தண்ணிக்கோழி குஞ்சு பொரித்த இடத்தில் கழுத்தை வளைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் அன்னம். வேறு ஊர் ஏரியாக இருந்தால் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம். போனவர்கள் மேல் கோபம் வைக்கக் கூடாது என்கிறார்கள். எனக்கு உன் மேல் கோபம்தான். நீ போய் மூன்று மாதமாகியும் அது குறையவில்லை.

முன்பு ஏரி எப்படிக் கிடந்தது என்று உனக்குத் தெரியும். ஆகாயத்தாமரை மூடி, மாடுகூட வாய் வைக்காத தண்ணீர். மலையைப் பார்க்க வருகிறவர்கள் கரையில் சாப்பிட்டுவிட்டு இலையையும் பாட்டிலையும் அதிலேயே வீசிவிட்டுப் போவார்கள். மகளிர் குழுவில் முதலில் இறங்கியது நாம் இரண்டு பேர்தான். நீச்சல் தெரியாத நான் இடுப்பளவு சேற்றில் பயந்து உன் முந்தானையைப் பிடித்தேன். "முழுகினா ரெண்டு பேரும் சேந்து முழுகலாம் புள்ள, நல்லாப் புடிச்சுக்க" என்றாய். நமக்குப் பிறகு ஊரே இறங்கியது. மேற்குக் கரையில் பாதை போட்டு, வருகிறவர்கள் உட்கார்ந்து பறவை பார்க்க மூங்கிலில் பரண் கட்டினோம். கிழக்குக் கரைக் கோரையை மட்டும் தொடவில்லை. அதைத் தண்ணிக்கோழிக்கும் முக்குளிப்பானுக்கும் கூடு கட்ட விட்டுவிடலாம் என்று முதலில் சொன்னவளே நீதான்.

விதைத்த காட்டில் யாரும் மாட்டை இறக்காமல் இருக்க நாம் செய்வதையே அங்கும் செய்தோம். குச்சி நட்டு, சாமை வைக்கோலை முறுக்கிக் கட்டினோம். நீ ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாய், நான் மறுமுனையை முறுக்கினேன். நம் ஊரில் அதற்கு மேல் வேலி கிடையாது. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். இரண்டு பேர் கட்டியிருந்தால் இரண்டு பேரும் சரி என்று சொல்ல வேண்டும். எதற்கும் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள் என்று ஆபீசிலிருந்து வந்தவர் சொன்னபோது, வைக்கோலுக்கு எதற்குங்க காகிதம் என்று சிரித்தவள் நான்.

என் மகளின் பிரசவத்துக்காக மலைக்குக் கீழே முள்ளுக்குறிச்சியில் போய் இருந்தேன். வாரம் தவறாமல் போன் செய்தாய். தண்ணிக்கோழி ஆறு குஞ்சோடு தண்ணீரில் இறங்கியிருக்கிறது என்று ஒரு நாள் சொன்னாய். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, குஞ்சு கருப்பா, தலை சிவப்பா என்று கேட்டுக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். அன்றைக்குக் கோரையை அறுத்துப் பத்து நாள் ஆகியிருந்தது.

அடுத்து வந்த போன் உன் சாவைச் சொன்னது. மாரடைப்பு என்றார்கள். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைப்பாதை வளைவு முழுக்க அழுதுகொண்டே பஸ்ஸில் வந்தேன். உன்னைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் ஏரிக்குப் போனேன். கிழக்குக் கரை மொட்டையாகக் கிடந்தது. படகுத்துறைக்காக இரண்டு சிமெண்டுத் தூண் நட்டிருந்தார்கள். நம் குச்சியைக் காணவில்லை.

ஊர்க்கூட்டத்தில் எழுந்து, யாரைக் கேட்டு அவிழ்த்தீர்கள் என்று சத்தம் போட்டேன். ஊர்க்கவுண்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்களும் சரின்னுதானுங்க அவங்க சொன்னாங்க. போன்ல கேட்டேன், அவ ஒத்துக்கிட்டான்னு மாரியாயி கோயில் முன்னால நின்னு சொன்னாங்களே."

நீ என்னைக் கேட்கவே இல்லை. ஏன் என்று அங்கேயே விளங்கியது. முன்வரிசையில் உன் மகள் உட்கார்ந்திருந்தாள். படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் வேலை அவளுக்கு என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். புருஷனை விட்டு வந்தவளுக்கு ஒரு வேலை வேண்டுமென்று நீ அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நீ கேட்டிருந்தால் நான் சரி என்றிருக்க மாட்டேன். அது தெரிந்துதான் கேட்காமல் விட்டாய்.

இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், தூணைப் பிடுங்கியிருப்பார்கள். ஊர்க்கட்டுப்பாடு அப்படி. அடுத்த மழையில் கோரை தானாக முளைத்திருக்கும். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். உன் மகள் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பெரிம்மா, எங்கம்மா கோயில் முன்னால பொய் சொல்லியிருக்குமா?"

"இல்ல சாமி. உங்கம்மா எங்கிட்ட கேட்டா. நாந்தான் சரின்னேன். கொழந்தை இருந்த ஊட்டு வேலைல மறந்து போச்சு."

கூட்டம் கலைந்தது. ஒத்துக்கொண்டுவிட்டுப் பிறகு வந்து கத்துகிறாள் என்று நம் குழுப் பெண்களே இப்போது என்னைப் பேசுகிறார்கள். மாரியாயி கோயில் பக்கம் நான் போவதில்லை. பரணில் ஏறுகிறவர்கள் பறவை எங்கே என்று கேட்டால், விடிகாலையில் வாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். விடிகாலையில் வந்தாலும் அங்கே ஒன்றும் இல்லை.

கோரை போனதை ஒரு நாள் பொறுத்துக்கொள்வேன். மகளுக்காகச் செய்தாய், நானும் பெற்றவள்தான். போனில் குஞ்சுக் கதை சொன்னதைக்கூட மறக்கப் பார்ப்பேன். ஆனால் கோயில் முன்னால் என் பெயரைச் சொன்னபோதே, என்ன நடந்தாலும் ஊர் நடுவில் இவள் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. என்னை அவ்வளவு அறிந்தவர் இந்த மலையில் வேறு யாரும் இல்லை. அதை வைத்தே என்னை ஏமாற்றினாய். இன்று ஊரில் யாரைக் கேட்டாலும் அந்தக் கரையை விட்டுக்கொடுத்தது நான் என்றுதான் சொல்வார்கள். கேட்கிறவர்களிடம் நானும் ஆமாம் என்றே சொல்கிறேன்.