ஒரு நாளைக்கு மட்டும்

பிப்ரவரி 3
காலையில் தையலம்மா மூக்குக் கண்ணாடி மாற்ற என் கடைக்கு வந்தார். அளவு பார்த்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. "தம்பி, நம்ம சர்வர்ல என் பொண்ணு போடுறது எதுவுமே வர மாட்டேங்குதே. மூணு மாசம் ஆச்சு."

மகள் வெளியூரில் நர்ஸ். ஒரு நூலகர் அம்மாள் நடத்தும் சர்வரில் இருக்கிறாள். எங்கள் சமூக வலைத்தளம் அப்படித்தான்: என்னைப் போலப் பலர் தனித்தனியாகச் சர்வர் நடத்துகிறோம், ஆனால் எந்தச் சர்வரில் இருந்தாலும் எல்லாரோடும் பேசலாம். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் மகள் தன் ஜன்னலைப் படம் எடுத்துப் போடுவாளாம், இவர் ஒரு ஹார்ட் போடுவாராம். அவ்வளவுதான் இருவருக்கும் பேச்சு. "கல்யாணப் பேச்சை எடுத்தேன்ல, அந்தக் கோபம் போல. போன் பண்ணலாம்தான். அவ முதல்ல பண்ணட்டும்னு இருக்கேன்."

பார்க்கிறேன் என்றேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேரை வைத்து ஏழு வருடமாகச் சர்வர் நடத்துகிறேன். இதெல்லாம் ஒரு விஷயமா?

பிப்ரவரி 4
சர்வர் கடிகாரம் சரி. பாதுகாப்புச் சான்றிதழ் சரி. டிஸ்க்கில் இடம் இருக்கிறது. மற்ற சர்வர்களிலிருந்து வந்து கொட்டுகிறது, நூலகர் சர்வரிலிருந்து மட்டும் ஒன்றுகூட இல்லை. அனுப்பினால்தானே வரும்.

பிப்ரவரி 6
நூலகருக்கு எழுதினேன். பதில்: "நாங்க அனுப்பிட்டுதான் இருக்கோம் சார். உங்க பக்கம் ஏத்துக்கலைன்னு காட்டுது."

என் பக்கமா! புத்தகம் அடுக்குகிறவருக்கு எதற்குச் சர்வர் என்று தோன்றியது. தோன்றியதோடு விட்டிருக்கலாம். எல்லாரும் பார்க்கப் போட்டேன்: "அந்தப் பக்கம் நடத்தத் தெரியாமல் நடத்துகிறார்கள். நம் பக்கம் கோளாறு இல்லை." நாற்பது பேர் கைதட்டினார்கள். சுகமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 10
நூலகர் நேற்று விடுமுறை முழுவதும் உட்கார்ந்து சோதித்திருக்கிறார். மென்பொருளையே திரும்ப ஒருமுறை நிறுவினாராம். நான் திட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் மட்டும், "தடைப் பட்டியலை ஒரு தடவை பாத்துடுறீங்களா?"

அதைப் பார்க்காமலா இருப்பேன் என்று எழுதினேன். பார்க்கவில்லை.

பிப்ரவரி 11
பார்த்தேன்.

மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம். நான் தடுத்து வைத்த பட்டியலில் ஒன்பது சர்வர்கள். எட்டு, விளம்பரக் குப்பை அனுப்புகிறவை. ஒன்பதாவது நூலகருடையது. நவம்பர் 8. தடுத்தவர்: நான். குறிப்பு: "ஒரு நாளைக்கு மட்டும்."

மச்சான். மனைவியின் அண்ணன். அவரும் அந்தச் சர்வரில்தான். பராமரிப்புக்காக ஒரு மணி நேரம் மூடுகிறேன் என்று நான் போட்ட அறிவிப்புக்குக் கீழே, "மாப்பிள்ளை சர்வர் டீக்கடை மாதிரி. பால் தீர்ந்தா ஷட்டர்" என்று எழுதினார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவரை மட்டும் தடுத்தால் தெரிந்துவிடும், சண்டை வீட்டுக்கு வரும். அதனால் சர்வரையே தடுத்தேன். பட்டியல் வெளியே தெரியாதபடி டிக் வேறு போட்டேன்.

மறுநாள் எடுக்க மறந்துவிட்டேன். மறந்தேனா — இல்லை, மச்சான் சத்தம் இல்லாமல் நிம்மதியா இருந்துச்சு, அதுதானே? ஊருக்கெல்லாம் கண் பாக்குறவன்டா நீ. சீ.

பிப்ரவரி 12
யாரிடமும் சொல்லாமல் தடையை எடுத்தேன். "கோளாறு சரியாகிவிட்டது" என்று ஒரு வரி போட்டேன். தானாக வந்து தானாகப் போன மாதிரி.

பிப்ரவரி 13
தையலம்மா போன் செய்தார். "இன்னும் வரலையே தம்பி."

வராது. சர்வரைத் தடுத்த அன்றே, யார் யாரைப் பின்தொடர்ந்தார்கள் என்ற இணைப்பெல்லாம் இரண்டு பக்கமும் அறுந்துவிட்டது. தடையை எடுத்தாலும் அறுந்தது ஒட்டாது. அவரவர் மறுபடி பின்தொடர வேண்டும். எங்கள் பக்கம் முப்பத்தொரு பேர். அவர்களிடம் மறுபடி பின்தொடருங்கள் என்று சொன்னால், ஏன் என்றும் சொல்ல வேண்டும்.

முதலில் மனைவியிடம் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எங்க அண்ணன் மேல கோபம்னா அவரைத் திட்டியிருக்கலாம்ல? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டையா கொளுத்துவாங்க?" கொஞ்சம் கழித்து, "எங்க அண்ணனை என் வாயாலேயே மூட்டைப்பூச்சின்னு சொல்ல வச்சிட்டீங்க பாருங்க" என்றாள். சிரிக்கவில்லை.

பிப்ரவரி 14
எழுதிவிட்டேன். எல்லாரும் பார்க்க. தேதி, டீக்கடை, டிக் போட்டது, எல்லாம். நூலகரிடம் மன்னிப்புக் கேட்டேன். அனுப்பும் பொத்தானை அழுத்த ஒரு மணி நேரம் ஆனது.

கைதட்டிய நாற்பது பேரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நூலகர் மட்டும்: "பரவாயில்ல சார். பழைய பதிவுகள் தானா வராது. லிங்க் எல்லாம் எடுத்து அனுப்பவா?" நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மச்சான் எதுவும் எழுதவில்லை.

பிப்ரவரி 17
மகளின் தொண்ணூற்று நான்கு பதிவுகளையும் ஒவ்வொரு லிங்காகப் போட்டு எங்கள் சர்வருக்கு இழுத்தேன். ஜன்னல், ஜன்னல், ஜன்னல். டிசம்பரில் ஒன்று மட்டும் படம் இல்லாமல்: "அம்மா ஹார்ட் போட்டு நாப்பது நாள் ஆச்சு." மறுநாள் மறுபடி ஜன்னல்.

தையலம்மா கடை நாற்காலியில் உட்கார்ந்து, புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் பார்த்தார். அந்த டிசம்பர் பதிவு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். திட்டு விழும் என்று நின்றேன். "லென்ஸ் நல்லாத் தெரியுது தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வெட்கத்தில் பில் போடக்கூட மனம் வரவில்லை.

பிப்ரவரி 21
இருநூற்றுப் பதினொன்று. தையலம்மா தன் கணக்கை நூலகர் சர்வருக்கு மாற்றிக்கொண்டுவிட்டார்.

அங்கிருந்து அவர் போட்ட முதல் பதிவு காலை பத்தே காலுக்கு வந்தது. "பொண்ணு இருக்கிற இடத்துக்கே வந்துட்டேன். பழைய சர்வர் தம்பி தங்கமானவர். கோபம் வந்தா மட்டும் கதவைச் சாத்திடுவார்."

போட்ட நான்காவது நொடியில் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. மச்சான் அதற்கு ஒரு ஹார்ட் போட்டிருக்கிறார். அதுவும் வந்து சேர்ந்தது.