ஐம்பதாயிரமாவது கார்டு

மைசூர்
14-7-1976

அன்புள்ள அப்பாவுக்கு, மீனாக்ஷியின் நமஸ்காரம். சௌக்கியமா? வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, உடனே பதில் போடுங்கள்.

பென்ஷன்தாரர் விவரங்களைக் கார்டில் ஏற்றும் வேலை ஐம்பதாயிரத்தைத் தொட்டதென்று நேற்று ஆபீஸில் மைசூர்பாகு கொடுத்தார்கள். சூப்பரின்டெண்ட் கௌரம்மா, "எல்லாரும் கேளுங்கோ!" என்று அந்த ஐம்பதாயிரமாவது கார்டை உருவி வாசித்தார். "வெங்கடசுப்ரமணியன், சர்வேயர், கொள்ளேகால். காலமானார்."

எல்லாரும் கைதட்டினார்கள். என் கையும் தட்டியது.

பழைய ரிஜிஸ்தரில் அடுத்த வரிக்காரர் இறந்ததை உங்கள் கார்டில் ஏற்றிவிட்டார்களாம். திருத்தியாகிவிட்டது, கவலைப்படாதீர்கள்.

பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது. அனுப்பும்போது பொட்டலத்தின் மேல் விலாசத்தை நீங்களே எழுதுங்கள். உங்கள் கையெழுத்தைப் பார்க்க வேண்டும்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். தினம் இருநூறு கார்டு எழுதுகிறேன், பெயரைப் பார்ப்பதேயில்லை. அந்தக் கார்டை எழுதியது நான்தான், அப்பா.

மீனாக்ஷி