செம்பு தெரிந்த இடம்

பத்தரே,

இன்று காலை பக்கத்துப் பட்டறையில் லோரி ரேடியேட்டர் ஒன்றுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகை என் சாப்பாட்டுக் கடைக்குள் வந்ததும் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. நகை செய்யும் உங்கள் கடைக்கும் என் கடைக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர் இருந்த காலத்தில் நாள் முழுக்க எனக்கு இந்த வாசனைதான். நீங்கள் போய் இத்தனை வருஷமாகியும் உங்களிடம் கேட்க வேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறது.

எழுபதுகளின் கடைசி. நம் மலையூர் பிரிஞ்சாங்கில் மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் முனியம்மா உங்கள் கடைக்கு வந்தாள். செத்துப்போன அம்மா விட்டுப்போன ஒரே பொருளைக் கொண்டுவந்திருந்தாள். ராணி தலை போட்ட பழைய இந்திய வெள்ளி ரூபாய். கழுத்தில் கட்டிக்கொள்ள அதற்கு ஒரு வளையம் வைக்கச் சொன்னாள். அப்போது நான் உங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து நின்றேன். காசை உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, "நல்ல வெள்ளிம்மா. அடுத்த வாரம் வா" என்றீர்கள். அது என் காதில் விழுந்ததுதான் பிறகு வினையாகிப்போனது.

வளையம் வைத்து வாங்கிப்போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, அண்ணனை அழைத்துக்கொண்டு வந்து நின்றாள். வளையத்தின் அடியில் வெள்ளி கொப்புளம்போல் உப்பி உரிந்து, உள்ளே சிவப்பாகச் செம்பு தெரிந்தது.

"எங்கம்மா காசு எங்க? இது அது இல்ல."

"அதே காசுதாம்மா. சூட்டுல மேல் வெள்ளி எழும்பியிருக்கு," என்றீர்கள்.

"வெள்ளின்னு நீங்கதான சொன்னீங்க? பாய்தான் சாட்சி." அவள் சொல்ல, சத்தம் கேட்டு வந்து நின்ற என் பக்கம் அண்ணன் திரும்பினான்.

ஆமாம், கேட்டேன் என்றேன். நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை.

ஈப்போவில் ஒரு நகைக்கடையில் விளிம்பைச் சுரண்டிப் பார்த்துச் செம்பு என்றார்கள். தோட்டப் பள்ளி வாத்தியார் தமக்குத் தெரிந்தவர் மூலம் கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தார். கருவியில் வைத்தபோது முகப்பு நல்ல வெள்ளி என்று வந்தது. வாத்தியார் திரும்பி வந்து, என் கடையில் எல்லார் முன்னாலும் விளக்கினார்.

"மிஷின் மேல்தோலத்தான் பாக்குமாம். மேல இருக்கிற வெள்ளி கனமா இருந்தா, உள்ள இருக்கிறது அதுக்குத் தெரியாது. வெட்டுனா உள்ள என்ன உலோகம்னு தெரியும். ஆனா யார் செஞ்சது, இந்தம்மா கொடுத்த அதே காசுதானா, அதெல்லாம் எந்த மிஷினும் சொல்லாதுலா."

"அப்ப பத்தர் மாத்தலன்னு சொல்ல முடியாது," என்றான் அண்ணன்.

"மாத்துனேன்னும் சொல்ல முடியாதுல்ல," என்றீர்கள்.

அம்மாவின் காசோ இல்லையோ, வெட்ட மட்டும் முனியம்மா விடவில்லை.

அதற்குமேல் யாரும் எதையும் சோதிக்கவில்லை. கல்யாண நகை செய்ய ஆட்கள் உங்களை விட்டு மலைக்குக் கீழே தாப்பாவுக்கு இறங்கினார்கள். உங்களிடம் முன்பு வாங்கிய மூக்குத்திகளை என் கடை மேசையில் வைத்து உரசிப் பார்த்தார்கள். என் மனைவிகூடத் தோட்டைக் கழற்றி வெயிலில் பிடித்தாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

என்னை ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. வளையம் வைப்பதற்கு முன் அந்த இடத்தை அரத்தால் ராவுவீர்கள். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கடையைக் காலிசெய்து கோலா தெர்லாவில் உங்கள் தம்பியின் காய்கறித் தோட்டத்துக்குக் கிளம்பிய அன்று கேட்டேவிட்டேன்.

"ராவும்போது செம்பு தெரியலியா பத்தரே?"

பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னீர்கள்.

"தெரிஞ்சுச்சு பாய். பழைய கள்ளக்காசு. எவனோ செம்பு மேல வெள்ளியப் போத்தி அடிச்சிருக்கான். அவங்கம்மா ஆயுசு பூரா பொத்தி வெச்சிருந்தாங்கன்னு அந்தப் புள்ள சொல்லுச்சு. அதுகிட்ட என்னத்தச் சொல்றது? மூடிப் பத்தவெச்சிட்டேன்."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

அதற்குள் உங்கள் சாமான் ஏற்ற லோரி வந்துவிட்டது.

எண்பதுகளின் நடுவில், உங்கள் சாவுச் செய்தி வந்த மாதம், முனியம்மா என் கடைக்கு வந்தாள். காசு கழுத்தில்தான் இருந்தது.

"போய்ட்டாராமே. உங்ககிட்டயாவது உண்மையச் சொன்னாரா பாய்?"

நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவள் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப எங்கம்மாவுக்கு இதக் கொடுத்தது யாரு?"

உங்கள்மேல் இருந்த கோபம் அவள் முகத்தில் இல்லை. எந்தக் கங்காணி, எந்தக் கடைக்காரன், எந்தச் சொந்தக்காரன் என்று, அம்மாவை ஏமாற்றியவனைத் தேடி அது போய்விட்டது. அவளிடம் சொன்னது சரியா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

பத்தரே, நீங்கள் சொன்னது ஒரு நல்ல மனுஷன் சொல்லக்கூடிய பதில்தான். கெட்டிக்காரத் திருடனும் அதையேதான் சொல்லியிருப்பான். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் அத்தனை வருஷம் இருந்தவன், பாதி நாள் உங்களை நம்புகிறேன். நம்பாத நாளிலும் தொழுது முடித்து உங்கள் பேரைச் சொல்லிக் கையேந்தித் துஆ கேட்ட பிறகுதான் கையை இறக்குகிறேன்.